ஜசிகான் மாவட்டத்து மரணப் பதிவு

1

கானா நாட்டில் ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருக்கிற உனக்கென்ன என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருபத்தெட்டு வருடமாக அந்த நாட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கே பயம். ஆனால் போன வருடம் முழுக்க எங்கள் சமையலறை மேசையில் அந்த நாட்டு வரைபடம்தான் விரிந்து கிடந்தது. அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தால் மகள் ஏசுவாள்.

எல்லாம் ஜசிந்தா அக்காவால் வந்தது. மன்னார்க்காரி. டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணையும் நானும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். ஏஜென்சிக்காரன் எங்களைக் கானா வழியாகக் கொண்டுவந்தான். அண்ணை அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். நான் வந்து சேர்ந்தேன். அக்கா வந்தது வெகுகாலம் கழித்து, சண்டை முடிந்த பிறகு, தனியாக.

வந்த புதிதில் விசாரணையில் கணவர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆபிரிக்காவில் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். மரணச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை. விதவை என்று எழுதக் கடதாசி வேண்டும். கடதாசி இல்லாததால், கணவரை நிரந்தரமாகப் பிரிந்து வாழ்பவர் என்று எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரி அவருடைய எல்லாக் கோப்புகளிலும் ஏறிவிட்டது. வாடகை வீட்டு விண்ணப்பத்தில்கூட அதுதான்.

போன வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். இத்தனை வருடமாக அரசாங்கக் கந்தோர்களில் அவருக்குக் குறித்துத் தருகிற எல்லாத் தெர்மினுக்கும் நான்தான் போகிறேன். அதிகாரி திரையில் அந்த வரியை வாசித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பாஸ்போட் தராட்டியும் பரவாயில்லை எண்டு சொல்லும். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லும். நான் அவரை விட்டிட்டு வரேல்லை."

சொன்னேன். அதிகாரி நல்ல பெண். இறந்த நாட்டிலிருந்து ஏதாவது ஒரு பதிவு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றாள். அக்காவின் முகம் மலர்ந்தது. நான் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினேன்.

2

என் மகள் மெலனி பான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். உடுப்புத் தோய்க்கத்தான் வருகிறாள் என்று தாய் சொல்லுவாள். அவளோடு எனக்கு வருடக்கணக்காக மூன்று கதைதான். சாப்பிட்டியா, வந்த ரெயின் பிந்திச்சுதா, எப்ப திரும்பிப் போறாய். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள்; அதை நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். இடையில் ஏதோ ஒன்று சிந்திப்போகும்.

ஜசிந்தா அக்காவின் கதையைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடிதமெல்லாம் தான் எழுதுகிறேன் என்றாள். "இடம் எது அப்பா?"

அண்ணை செத்தபோது அக்காவுக்கு நான் எழுதிய கடிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஜசிகான் மாவட்டம், வோல்ட்டா பிராந்தியம், கானா. ஏரிக்கரைப் பக்கமாக ஒரு சின்ன ஊர்.

அடுத்த கிழமை பல்கலைக்கழக நூலகத்திலிருந்து பழைய வரைபடத்தின் பிரதி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஜெர்மன்காரர் டோகோலாந்து என்று ஆண்டகாலத்து வரைபடம். கீழே மிசாஹோஹெ என்று ஒரு மாவட்டம், மேலே கெத்தே கிராச்சி என்று இன்னொன்று. நானும் அண்ணையும் கொசு அடித்துக்கொண்டு கிடந்த இடம் இரண்டுக்கும் நடுவில், கோணல் மாணலான ஜெர்மன் எழுத்துகளுக்குள் கிடந்தது.

"இந்தக் கோடுகளை முதல்ல கீறினது நாங்கள்தான் அப்பா," என்றாள்.

நாங்கள் என்று அவள் சொன்னது ஜெர்மன்காரரை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அங்கே படுத்தெழும்பியவன் நான். அவளுடைய நாங்களுக்குள் நான் இல்லை.

பிறகு ஒவ்வொரு கிழமையும் பாடம்தான். முதல் உலகப் போரில் ஜெர்மன்காரர் தோற்றதும் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீசுக்காரரும் அந்த நாட்டை நீளவாட்டில் கிழித்துப் பங்குபோட்டார்கள். மேற்குத் துண்டு இங்கிலீசுக்காரருக்கு. கானா சுதந்திரம் அடைவதற்குச் சற்று முன்னால் அங்குள்ள சனத்திடம் வாக்குக் கேட்டு அந்தத் துண்டைக் கானாவோடு சேர்த்தார்கள். அதன் தெற்குப் பக்கம் வோல்ட்டா பிராந்தியத்துக்குள் போனது. நாங்கள் இருந்த நாளில் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஜசிகான் மாவட்டத்திலிருந்து பியாகோயே என்று ஒரு மாவட்டத்தைப் பிரித்தார்கள். அதன்பின் திரும்பவும் வாக்கெடுப்பு வைத்து வோல்ட்டாவின் வடபாதியை வெட்டி ஓட்டி என்று புதுப் பிராந்தியம் ஆக்கினார்கள். அதற்குத் தலைநகர் டம்பாய்.

இலங்கையில் வடக்கையும் கிழக்கையும் சேர்க்கிறதும் பிரிக்கிறதும் பார்த்த எங்களுக்கு இதெல்லாம் புதினமில்லை. கதையை முழுதாகச் சொல்ல மெலனிக்கு ஒரு மாதம் எடுத்தது. அந்த ஒரு மாதத்தில் என் மகள் என்னோடு கதைத்தது, முந்தின பத்து வருடத்தில் கதைத்ததைவிடக் கூட. அதனால் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

கடிதம் முதலில் வோல்ட்டாவின் தலைநகரான ஹோவுக்குப் போனது. அந்தப் பகுதி இப்போது எங்களிடம் இல்லை, டம்பாயில் கேளுங்கள் என்று பதில் வந்தது. டம்பாய்க்காரர், நாங்கள் புதுப் பிராந்தியம், பழைய புத்தகங்கள் மாவட்டத்தில்தான் என்றார்கள். ஜசிகானில் கேட்டால், அந்த ஊர் இப்போது பியாகோயேக்குள். பியாகோயேயில் கேட்டால், நீங்கள் சொல்லுகிற வருடத்தில் எங்கள் மாவட்டமே இல்லை, ஜசிகானில் கேளுங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் எழுதினார்கள்.

ஒவ்வொரு பதிலையும் நான் ரெலிபோனில் அக்காவுக்கு வாசித்துச் சொல்லுவேன். அவர் அலுக்கவே மாட்டார். "நல்லது தம்பி. ஒரு கந்தோர் குறைஞ்சுது," என்பார்.

3

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களைப் பக்கத்து நாடான டோகோவுக்குள் கடத்தி, அங்கிருந்து விமானம் ஏற்றுவதுதான் ஏஜென்சிக்காரனின் திட்டம். எல்லை மூடிக் கிடந்தது. திறக்கும் வரைக்கும் இருங்கோ என்று அந்த ஊரில் ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போனான். வீட்டுக்காரர் பெயர் கோஃபி. மாவட்டக் கந்தோரில் எழுதுவினைஞர். பின்னேரம் வேலையால் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் கொளுவிவிட்டு, எங்களோடு உடைந்த இங்கிலீசில் கதைப்பார். அவருடையது நல்ல இங்கிலீஸ், உடைந்தது எங்களுடையது. தன் பாட்டன் ஜெர்மன்காரருக்கு வரி கட்டினார், தகப்பன் இங்கிலீசுக்காரருக்குக் கட்டினார், தான் அக்ராவுக்குக் கட்டுகிறேன், மூன்று பேரும் இதே வீட்டில்தான் படுத்தோம் என்பார்.

மரியதாஸ் அண்ணை கடற்தொழிலாளி. சும்மா இருக்க அவரால் ஏலாது. இரண்டாம் நாளே ஏரிக்கரைக்குப் போய்விட்டார். அணை கட்டி ஊர்களை மூழ்கடித்து உண்டாக்கின ஏரி அது. தண்ணீருக்குள் மரங்கள் செத்தபடி நிற்கும், வலை அதில் சிக்கிக் கிழியும். அண்ணை அவர்களோடு குந்தியிருந்து வலை பொத்தினார். அவருக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவர் பாஷை தெரியாது. பின்னேரம் இரண்டு மீனோடு வருவார். "இஞ்சயும் வலை வலைதான் தம்பி," என்பார். எனக்குச் சமைக்கத் தெரியாது. அவர்தான் காய்ச்சித் தருவார். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, இரவில் அழுவேன். அவர் காணாததுபோலத் திரும்பிப் படுப்பார்.

ஏழு மாதம் அங்கே இருந்தோம். ஜெர்மனியில் அகதி விசாரணையில் அந்த ஏழு மாதத்தையும் நான் சொல்லவில்லை. நடுவில் எந்த நாட்டில் நின்றதாகவும் சொல்லாதே, சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்புவான் என்பதுதான் அந்தக்காலத்தில் எல்லாருக்கும் கிடைத்த புத்திமதி. கொழும்பில் ஏறினேன், பிராங்க்ஃபர்ட்டில் இறங்கினேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அந்தப் பொய்யின் மேல்தான் என் விசா, என் வேலை, என் கலியாணம், என் ஜெர்மன் பாஸ்போட் எல்லாம் நிற்கின்றன.

"அதுக்கு இனி ஒண்டும் செய்யமாட்டினம் அப்பா, பத்து வருசம் தாண்டியிட்டுது," என்று மெலனி சட்டத்தைத் தேடி எடுத்து வாசித்தும் காட்டினாள். "நீங்கள் கூட இருந்தனான் எண்டு சத்தியக் கடதாசி குடுத்தாலே போதும்."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

4

இனி எழுதப்போவதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

மரியதாஸ் அண்ணையின் பெயரில் எந்தக் கந்தோரிலும் மரணப் பதிவு கிடையாது. ஹோவிலும் இல்லை, டம்பாயிலும் இல்லை, ஜசிகானிலும் இல்லை. முதல் கடிதம் போவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். மகள் முத்திரை ஒட்டி ஒட்டி அனுப்பியதை ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரியைத்தான் தேடுவேன். எங்களிடம் இல்லை என்ற வரியைக் கண்டதும் ஆறுதலாக இருக்கும். அந்த நாட்டு எல்லைகளை மாற்றின எல்லாருக்கும் நான் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

அண்ணையின் பாஸ்போட்டில் ஒரு ஐரோப்பிய நாட்டு விசா விழுந்திருந்தது. என்னுடையதில் விழவில்லை. எல்லை திறந்ததும் அவரை வெளிக்கிடச் சொல்லி ஏஜென்சிக்காரன் ஆள் அனுப்பினான். அண்ணை போகவில்லை. "பெடியன் தனிய என்னெண்டு இருப்பான். அவனுக்கும் விழட்டும், சேர்ந்து வாறம்," என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மூன்றாவது கிழமை காய்ச்சல். கோஃபி வாகனம் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாலு நாளில் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையிலிருந்து ஏஜென்சிக்காரனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான், "அவற்ற பாஸ்போட்டை ஒருத்தரிட்டையும் குடுத்திடாதை. அதில விசா இருக்கு. உன்ரயைக் குடுத்துச் செத்தது நீ எண்டு பதி. படத்தை நான் மாத்தித் தாறன்."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வீட்டுக்குப் போகவும் வழியில்லை, முன்னால் போகவும் வழியில்லை, அதுதான் உண்மை. ஆனால் அதையே காரணமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

பதிவு எழுதப் போனது கோஃபிதான். என் பாஸ்போட்டை விரித்துப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுதான் அவருடைய பெயரா?" என்று ஒரு தடவை கேட்டார். ஓம் என்றேன். அவர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

பெனடிக்ற் யோகராசா. என் பெயர். ஜசிகான் மாவட்டத்து மரணப் புத்தகத்தில் ஏறின பெயர் அது. சிலுவையில் வெள்ளைப் பூச்சால் எழுதினதும் அதுதான். நான் அந்தச் சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்று செபம் சொன்னேன். பிறகு மரியதாஸ் அண்ணையின் பெயரில் விமானம் ஏறினேன். பிராங்க்ஃபர்ட்டில் இறங்குமுன் அவருடைய பாஸ்போட்டைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டேன்.

5

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சலவைப் பகுதியில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது மெலனி ரெலிபோன் எடுத்தாள். வேலை நேரத்தில் அவள் எடுப்பதில்லை.

"அப்பா, நான் வேற மாதிரிக் கேட்டனான். பெயரைச் சொல்லேல்லை. அந்த வருசம் அந்தப் பக்கத்தில செத்த வெளிநாட்டுக்காரர் ஆராவது இருக்கினமோ எண்டு ஜசிகானுக்கு எழுதினன். அங்க ஒரு அம்மா பழைய புத்தகம் எடுத்திட்டா. ஒரே ஒராள்தானாம். வியாழக்கிழமை படம் எடுத்து அனுப்புறாவாம்."

"பெயர் சொன்னவவோ?"

"இல்லை. ஏன் அப்பா?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஒரு நாள்தான் இருந்தது.

புதன்கிழமை உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி லீவு போட்டேன். பொய்யுமில்லை. டோர்ட்மண்டுக்கு ரெயின் எடுத்தேன். அக்கா காலை வேலை முடித்து வந்து, சுடுதண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் போனார். வேண்டாம் என்றேன்.

"என்ன தம்பி, திடீரெண்டு? கடிதம் வந்திட்டுதோ?"

"நாளைக்கு வருமக்கா. அதில அண்ணையின்ர பேர் இராது. என்ர பேர்தான் இருக்கும்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்க நியாயமில்லை. நான் முதலிலிருந்து சொன்னேன். விசா, பாஸ்போட், கோஃபி கேட்டது, சிலுவை. தண்ணீர் ஆறிவிட்டது, அவர் காலை எடுக்கவும் இல்லை.

கடைசியில் கேட்டார். "அவருக்கு விசா விழுந்தது எண்டு சொல்லுறீர். அப்ப ஏன் அவர் முதல்லயே வெளிக்கிடேல்லை?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இருபத்தெட்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். பாஸ்போட்டுக்கு அல்ல.

"எனக்காக நிண்டவரக்கா. நான் தனிய எண்டு."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அவர் அப்பிடித்தான்," என்றார். பிறகு, "இவ்வளவு காலமும் என்னோட கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினாய். பக்கத்துக் கதிரையில இருந்துகொண்டு, பிரிஞ்சு வாழுறவ எண்டு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னனி," என்றார்.

அக்கா என்னை நீர் என்றுதான் சொல்லுவார். அன்றுதான் முதல் தடவையாக நீ என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததோ தெரியாது. துவாயை எடுத்துக் காலைத் துடைத்தார். "அடுத்த செவ்வாய் பத்து மணிக்குத் தெர்மின். அந்தப் படத்தைக் கொண்டு வா. உன்ர பாஸ்போட்டையும் கொண்டு வா," என்றார். பிறகு, "இந்தமுறை ஆருக்கும் குடுத்திடாதை," என்றார்.

6

வியாழக்கிழமை மத்தியானம் படம் வந்தது. மெலனி எனக்கு அதை அப்படியே அனுப்பினாள், ஒரு சொல்லும் எழுதவில்லை. நீலக் கோடு போட்ட பெரிய பக்கம். கோஃபியின் அழகான கையெழுத்து. ஆண். வெளிநாட்டவர். காய்ச்சல். என் பெயர், நான் பிறந்த திகதி.

ஒரு மணித்தியாலம் கழித்து ரெலிபோன் எடுத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். தமிழில் கேட்டாள், முழுதாகத் தமிழில், தேடித் தேடி. "அப்பா, நான் கடிதம் எழுதேக்க நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள். ஒவ்வொரு முறையும். ஏன் சொல்லேல்லை?"

"நீ என்னோட கதைச்சுக்கொண்டிருந்தாய்," என்றேன். அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள். கிழமை முடிவில் வீட்டுக்கு வரவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை டோர்ட்மண்ட் கந்தோரில் அதே அதிகாரி. பக்கத்தின் பிரதியைப் பார்த்தாள். என் பாஸ்போட்டைப் பார்த்தாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னைப் பார்த்தாள். கோஃபியும் அப்படித்தான் பார்த்தார்.

"இது உங்களுடைய பெயரா?"

"ஓம். என்னுடைய பெயர். செத்தவர் இவவின் கணவர்," என்று ஜெர்மனில் சொன்னேன். இருபத்தெட்டு வருடமாகப் பேசுகிற மொழியில் வசனம் இரண்டு இடத்தில் முறிந்தது.

முழுதாகச் சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அவள் இடைக்கிடை தட்டச்சு செய்தாள். கடைசியில், இதைத் தான் முடிவு செய்ய முடியாது, மேலிடத்துக்குப் போகும், கானாவில் விசாரிப்பார்கள், மாதக்கணக்காகும் என்றாள். எந்த மாவட்டம், எந்தப் பிராந்தியம் என்று கேட்டாள். நடந்தபோது ஜசிகான், வோல்ட்டா என்றேன். இப்போது பியாகோயே, ஓட்டி. இரண்டையும் எழுதிக்கொண்டாள். என் விஷயத்தில் என்ன செய்வார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். சரி என்றேன்.

பிறகு சத்தியக் கடதாசியை என் பக்கம் தள்ளினாள். என் பெயர், முகவரி, பிறந்த இடம். மடமடவென்று நிரப்பினேன். நாலாவது கட்டத்தில், இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தது. பேனை நின்றுவிட்டது. நண்பன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா அதுவரைக்கும் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கந்தோருக்கு வந்த உள்ளூர் ரெயினிலும் எதிர்க் கதிரையில்தான் இருந்தார். இப்போது குனிந்து கட்டத்தைப் பார்த்தார்.

"என்ன கேட்டிருக்கு?"

சொன்னேன்.

"கூட வந்தவன் எண்டு எழுது," என்றார். "விட்டிட்டு வந்தவன் எண்டு எழுத அதில இடம் போதாது."

எழுதினேன். அதிகாரி கையெழுத்துக் கேட்டாள். என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.